அளவுக்குச்சி

12-6-1956, செவ்வாய்க்கிழமை.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். கியர் பெட்டியின் எண்ணெய் அளவை, என்ஜின் ஓடாமல் இருக்கும்போது பார்த்தேன். ‘சிறு’ என்பதை அடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். முதலில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாகரசம்பட்டி திம்மராயன் தன் அமெரிக்கக் காரை இரண்டு ஜோடி மாடுகளைப் பூட்டி எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்தார். குருபரப்பள்ளியில் நின்றுவிட்டதாம். என்ஜின் உறுமுகிறது, எந்தக் கியரில் போட்டாலும் வண்டி அசையவில்லை. பெங்களூரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கியது. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். “எடது காலுக்கு வேலையே இல்ல” என்று மாடுகள் மூச்சு வாங்கும்போதும் பெருமை பேசினார். மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர். வலது காலுக்கு மட்டும் என்ன வேலை கொடுத்தார் என்று தெரியவில்லை. வண்டியை ஓட்டுவது, கூடவே வந்திருந்த டிரைவர் ஃபக்ருதீன் பாய்.

எங்கள் வெங்கடசாமி மேஸ்திரி இப்படி ஒரு கியர் பெட்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. அதை ஒப்புக்கொள்வதைவிட ஒரு விரலை வெட்டிக்கொள்வார். ஸ்பேனரால் பெட்டியை மூன்று தரம் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். நாடி பார்க்கிறாராம். “டேய் சின்னராசு, எண்ணெ பாரு” என்றார் என்னிடம்.

மாடு இழுத்து வந்த வண்டி, என்ஜின் அணைந்துதான் இருந்தது. லாரியில் செய்வதுபோலவே செய்தேன். அளவுக்குச்சியை உருவினேன், துடைத்தேன், விட்டு எடுத்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு தரம். இரண்டு தரமும் மேல்கோட்டைத் தாண்டி ஈரம். “நெறைய இருக்குதுங்க” என்றேன். இரண்டு தரம் பார்த்தவன் என்ற கர்வம் குரலில் இருந்தது.

“கேட்டீங்களா எஜமான்? எண்ணெ நெறைய இருக்குது. ஓடற வண்டிய இந்த டிரைவர் ரிவர்ஸ்ல போட்டு உள்ள பல்லெல்லாம் ஒடச்சிருக்கான்” என்றார் மேஸ்திரி. உள்ளே என்ன பல் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஃபக்ருதீன் பாய் அதிர்ந்து போனார். “ஒரு மாசமா சொல்றேனுங்க, கார் நிக்கற கொட்டாயில செவப்பா எண்ணெ சொட்டுதுன்னு. கேட்டீங்களா?”

“அது நீ துப்புன வெத்தலச் சாறுடா” என்றார் திம்மராயன்.

“நான் வெத்தலயே போடறதில்லீங்களே.”

மேஸ்திரி சிரித்தார். மாட்டுக்காரன்கூடச் சிரித்தான். திம்மராயன் பாயிடமிருந்து சாவியை வாங்கினார். சட்டைப் பையிலிருந்த லைசென்ஸ் புத்தகத்தையும் பிடுங்கிக்கொண்டார். “நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்து பொட்டியத் தொறக்கச் சொல்லிப் பாக்கறேன். பல்லு ஒடஞ்சிருந்தா இந்த ஜில்லாவுல நீ மாட்டு வண்டிகூட ஓட்ட முடியாது.” உடையாமல் இருந்தால் லைசென்ஸைத் திருப்பித் தருவாரா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பாய் போகும்போது என் பக்கம் திரும்பினார். “நல்லாப் பாத்தியா தம்பி?”

“ரெண்டு தடவ பாத்தேன் பாய்.”

தலையாட்டிவிட்டு நடந்து போனார். நான் சொன்னதை நம்பிவிட்டார் என்பதுதான் உறுத்துகிறது.

வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்புக்கு வாத்தியார் அரை மணி தாமதம். அந்தக் காரிலிருந்து எடுத்து வந்திருந்த இங்கிலீஷ் கைப்புத்தகத்தைப் பிரித்தேன். காலையிலும் அது என் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. எண்ணெய் அளவு பற்றிய பக்கத்தை விரல் வைத்து மூன்று தரம் படித்தேன். என்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டுமாம். நிறுத்திவிட்டால் மேலே சுழலும் உறையில் இருக்கும் எண்ணெய் மெல்ல, குச்சி தொடும் கீழ்த்தட்டில் இறங்கிவிடும். குறைவாக இருந்தாலும் குச்சி நிறையக் காட்டும். எண்ணெய் குறைந்தால் கியர் பிடிக்காது என்று அடுத்த பக்கத்தில் இருக்கிறது. ஒரு மாதமாகச் சொட்டியிருக்கிறது என்று பாய் சொன்னாரே.

மேஸ்திரிக்கு இங்கிலீஷ் தெரியாது. திம்மராயனுக்குத் தெரிந்துகொள்ளும் அக்கறை இல்லை. எனக்குத் தெரியும், படிக்கவில்லை. மூவரில் யார் கேவலம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை எனக்குப் பிடிக்கவில்லை.

நாளை பத்து மணிக்கு மேஸ்திரி கியர் பெட்டியின் அடிமூடியைக் கழற்றுவார். இருக்கும் எண்ணெய் சாக்கடைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு எவ்வளவு இருந்தது என்று யாராலும் காட்ட முடியாது. உள்ளே ஏதாவது தேய்ந்திருக்கும், அதைக் காட்டி “பாத்தீங்களா” என்பார்.

நான் மறுபடியும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். ஓடும்போதும் குச்சி நிறையக் காட்டினால்? அப்போது எல்லார் முன்னாலும் பாயை இரண்டாம் தரம் குற்றவாளி ஆக்கியவன் நானாவேன். இருந்தாலும் அளந்தாக வேண்டும்.

நாளை: ஆறு மணிக்கு ஃபக்ருதீன் பாய் வீட்டுக்குப் போய் அவரைக் கூட்டிவர வேண்டும். ஒன்பதுக்குத் திம்மராயன் வந்ததும், நான் அளந்தது தப்பு என்று அவர் முன்னால் நானே சொல்ல வேண்டும். சக்கரத்துக்குக் கல் கொடுத்து, என்ஜினைச் சூடாக்கி, ஓடும்போது அளக்க வேண்டும். குச்சியை நான் தொடக் கூடாது. பாய்தான் உருவ வேண்டும். துடைக்க ஒரு வெள்ளைத் துணியை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.