ஐந்து கண் சக்கரம்

"மாமா, அந்தக் கோணிக்குக் கீழ இருக்குற சக்கரம் யாரோடது?"

ஏழு வயதுச் சிந்தாமணி இப்படிக் கேட்டபோது வைத்தியலிங்கம் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். பாகூர்க் கடைத்தெரு ஓரத்தில் அவருடைய பட்டறை. அடியில் படுத்திருப்பவருக்கு மனிதர்களின் பாதம்தான் முகம். சிந்தாமணியின் புழுதிக் கால்களுக்குப் பக்கத்தில் அவள் அம்மா குப்புவின் கால்கள் தெரிந்தன. மாசமாயிருந்ததால் வீங்கி, மெட்டி விரலைப் பிடித்திருந்தது.

"அது வேற வண்டியுதுடி."

"இதுக்கும் அஞ்சு கண்ணு, அதுக்கும் அஞ்சு கண்ணு. எண்ணிப் பாத்துட்டேன்."

"முன்னாடி போய் எண்ணு பாக்கலாம்."

"அதுக்கு ஆறு. அப்பவே எண்ணிட்டேன்."

குப்பு சிரித்தாள். "வூட்ல கருவாட்டக்கூட எண்ணிப்புட்டுத்தான் தின்னுவா, மேஸ்திரி. கண்டுக்காதீங்க."

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குப்புவின் புருஷன் சம்மந்தம் மணப்பட்டிலிருந்து மீன் ஏற்றும் அந்தச் சின்ன லாரி, பிரெஞ்சுக்கார வண்டி. பின் அச்சு முறிந்தபோது மாற்று அச்சு வர வழியில்லை, கப்பலே நின்றுபோயிருந்தது. வைத்தியலிங்கம் விழுப்புரம் பக்கத்தில் மிலிட்டரி ஏலத்துக்குப் போய், சம்மந்தத்தின் பேரில் வேறொரு பின் அச்சை எடுத்து வந்தார். அதற்கு ஐந்து போல்ட்டு, அவை நுழையச் சக்கரத்தில் ஐந்து கண். முன்பக்கமோ ஆறு போல்ட்டு. ஆகவே பழைய ஸ்டெப்னி பின்னால் ஏறாது. ஆனால் ஏலத்தில் அச்சோடு மூன்று சக்கரம் வந்திருந்தது. இரண்டு ஓட, ஒன்று ஸ்டெப்னிக்கு.

அந்த மூன்றாவதைத்தான் அவர் கோணி போட்டு மூடியிருந்தார். வண்டி எடுக்க வந்த சம்மந்தத்திடம் வேறு சொன்னார்.

"பின்னாடிக்கு ஸ்டெப்னி கெடைக்கல சம்மந்தம். வந்தா பாத்துக்கலாம்."

"வுடு மேஸ்திரி. முன்னாடி பிரெஞ்சுக்காரன், பின்னாடி மிலிட்டரிக்காரன், நடுவுல மணப்பட்டு மத்தி மீனு. மூணு பேரும் சண்ட போடாம போனா செரி" என்று சொல்லிச் சம்மந்தம் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

மூன்றாம் நாள் பழைய மிலிட்டரி லாரி ஓட்டும் திருபுவனைத் தங்கவேல் இரண்டு வண்டி தென்னங்கீற்று இறக்கிவிட்டுப் பதிலுக்கு அந்தச் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு போனார். பட்டறைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, மழைக்காலம் நெருங்கிவிட்டது. ஒரு சக்கரம்தானே என்று வைத்தியலிங்கம் நினைத்தார். பாவம் வரும்போது எப்போதும் சின்னதாய்த்தான் வரும். வாசலில் குனிந்து நுழைந்து, உள்ளே வந்த பிறகுதான் நிமிரும்.

ஐப்பசியில் ஒரு பகல். குப்புவுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டது. லாரியில் ஏற்றிப் புதுச்சேரிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான் சம்மந்தம். தவளக்குப்பம் தாண்டியதும் பின் டயர் வெடித்தது. ஆறு கண் ஸ்டெப்னியை வைத்துப் பார்த்தான், ஏறவில்லை. தெரிந்தும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தானாம். மாட்டுவண்டி தேடி ஓடி, அது வந்து சேர்வதற்குள் பூவரச மரத்தடியிலேயே தாயும் சிசுவும் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு வைத்தியலிங்கம் எந்த வண்டிக்கு அடியில் படுத்தாலும் உச்சி வேளையில் அந்தக் கால்கள் வந்தன. வீங்கிய பாதம், விரலைக் கவ்விய மெட்டி. நகராது. வெளியே வந்து பார்த்தால் வெயில்தான் நிற்கும். மேலே புதுக் கீற்று ஒரு பொட்டு வெளிச்சத்தையும் விடவில்லை. அந்த நிழலில் உட்காரப் பிடிக்காமல் அவர் வெயிலில் உட்கார்ந்து சோறு தின்றார். நட்டு முடுக்கும்போது எண்ணிக்கை தப்பியது. ஐந்து முடுக்கியபின் கை ஆறாவதைத் தேடியது.

கார்த்திகையில் சம்மந்தம் வெற்றிலை பாக்கோடு வந்தான். சிந்தாமணியும் லாரியில் இருந்தாள். வீட்டில் பார்க்க ஆளில்லை. போகிற இடமெல்லாம் மகளை முன் சீட்டில் வைத்தே கொண்டுபோகிறான்.

"தை பொறந்து மூணாம் நாளு, அந்தப் பூவரசாண்ட குப்புவுக்குச் சுமைதாங்கி நடுறேன் மேஸ்திரி. நீ வரணும்."

வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளுக்கு அப்படிக் கல் நடுவது வழக்கம். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் கையையும் எதிர்பாராமல் கூடையை அதில் இறக்கி இளைப்பாறுவார்கள். அவள் சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை.

"நான் எதுக்குப்பா?" என்றார் வைத்தியலிங்கம்.

"இன்னா இப்பிடிக் கேட்டுட்ட? எட்டு நாளு சோறு தண்ணி பாக்காம வண்டிய எழுப்பிக் குடுத்தவன் நீ. ஸ்டெப்னி கெடைக்கலன்னா நீ இன்னா பண்ணுவ? ஒம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அத மனசுல வெச்சிக்காத."

வைதிருந்தால் தாங்கியிருப்பார். வண்டி போனபிறகு நெடுநேரம் அந்த முன் சீட்டே அவர் கண்ணில் நின்றது. பின் சக்கரத்துக்கு மாற்று இன்னும் இல்லை. அதன்மேல்தான் அந்தக் குழந்தை போகிறாள்.

மறுநாள் திருபுவனைக்குப் போனார். அந்தச் சக்கரம் தங்கவேலின் லாரியில் ஸ்டெப்னியாகத் தொங்கியது. அதைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருந்தார். இதைக் கழற்றினால் தங்கவேலின் வண்டி வெறுங்கையோடு போகும். அந்த வண்டியிலும் யாராவது ஏறுவார்கள் அல்லவா?

"இன்னா மேஸ்திரி, சக்கரத்த இப்பிடி மொறைக்கிற? கீத்து ஒழுவுதா?"

"ஒழுவல. அதான்யா கஷ்டம்" என்றார். தங்கவேலுக்குப் புரியவில்லை.

சம்மந்தத்தின் வண்டி அடுத்தமுறை கிரீஸ் போட வந்தபோது பின் சக்கரத்தைக் கழற்றி, தகரத்துண்டு ஒன்றை அச்சுத்தலையில் அழுத்தி, ஐந்து போல்ட்டின் இடத்தையும் நடுவட்டத்தையும் தட்டிப் பதித்துக்கொண்டார். அந்தத் தகரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஞாயிறுதோறும் பழைய இரும்புக் கிடங்குகளில் அலைந்தார். ஐந்து கண் சக்கரங்கள் கிடைக்காமல் இல்லை. ஒன்றில் கண்கள் நெருங்கி இருந்தன, ஒன்றில் விலகி இருந்தன, இன்னொன்றில் நடுவட்டம் சிறுத்திருந்தது.

"அரத்தால ரெண்டு ராவு ராவுனா ஏறிடும்யா" என்றான் ஒரு கிடங்குக்காரன்.

"ஏறும். ஓடாது" என்று வந்துவிட்டார். கண்ணை ராவிப் பெரிசாக்கினால் நட்டு பிடிக்காது. ஓட ஓடத் தளரும். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் அடைக்க அவருக்கு மனம் வரவில்லை.

மார்கழிக் கடைசியில் கடலூர்க் கிடங்கு ஒன்றில், தகரத்தின் ஐந்து துளையும் ஒரு சக்கரத்தின் ஐந்து கண்ணும் நேர்க்கு நேர் நின்று மறுபக்கத்து வெளிச்சத்தைக் காட்டின. தன் பட்டறையின் ஒரே செயின் கப்பியைக் கொடுத்து, டயர் டியூபோடு அதை வாங்கினார். இனி எஞ்சினை ஆள் வைத்துத்தான் தூக்க வேண்டும். தூக்கட்டும்.

தை மூன்றாம் நாள். பூவரசடியில் பம்பை ஒலித்தது. சம்மந்தம் லாரியைச் சாலை வளைவுக்கு இப்பாலேயே நிறுத்திவிட்டு, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கல் நடுகிற இடத்துக்குப் போயிருந்தான். மணப்பட்டுச் சனம் முழுக்க அங்கே. பஸ்ஸிலிருந்து இறக்கிய சக்கரத்தை வைத்தியலிங்கம் கையாலேயே உருட்டிக்கொண்டு வந்தார்.

முன் சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். பின்னால் ஜாக்கி வைத்துத் தூக்கினார். பொருத்தம் பார்க்க, ஓடுகிற சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை ஏந்தி அச்சுத்தலையில் சாய்த்தார். அது தயங்கவில்லை, தட்டாமலே உள்ளே போய் உட்கார்ந்தது. ஸ்பேனரைத் தொடாமல் வெறும் விரலால் ஒவ்வொரு நட்டாகச் சுழற்றினார். ஐந்தும் அடிவரை போயின. கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். ஆட்டம் இல்லை.

பிறகு எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, முறுக்கிப் பார்த்து, புதிய சக்கரத்தை லாரியின் பின்தட்டில் பழைய ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் படுக்கவைத்துச் சங்கிலி போட்டுக் கட்டினார். வளைவுக்கு அந்தப்பக்கம் குலவைச் சத்தம் கேட்டது. மேற்கல் ஏறியிருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே கை கூப்பினார். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்க அங்கே ஆளில்லை.

ஜாக்கி மண்ணில் பதித்திருந்த சதுரத் தடத்தைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு, கைக்கரியை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு, கூட்டத்தோடு நிற்கக் கல்லை நோக்கி நடந்தார்.