கையைத் திறக்கும் சொற்கள்

நைனார்பாளையத்துக் கண்ணகியின் வலது கை, தான் பிடித்த பொருளை, அந்தப் பிடிக்கு உரிய சொல்லைச் சொன்னால்தான் விடும். இது ஒரு புரட்டாசி நடவில் தொடங்கியது. சேற்றில் நின்றவளின் கையை விட்டு நாற்றுக்கட்டு இறங்கவில்லை. "இன்னாடி, நாத்த வூட்டுக்கு எடுத்துக்கினு போவப்போறியா? முடியப் போடுடி" என்றாள் பக்கத்தில் நட்ட பெரியம்மாள். முடி என்ற சொல் விழுந்ததும் விரல்கள் விரிந்தன. தை அறுப்பில் கைநிறைய அறுத்த தாள் ஒட்டிக்கொண்டபோது "அரி" என்றார்கள், விட்டது. உப்புக்குச் சிட்டிகை, வைக்கோலுக்குக் கத்தை. மண்வெட்டிக் கடை காஜா மைதீன் பாய் இதைக் கேட்டு வியக்கவில்லை. முடிந்து வைத்தது முடி, அரிந்து எடுத்தது அரி, இந்த மாதிரிச் சொல்லெல்லாம் கையில் பிறந்து அப்புறம்தான் வாய்க்கு வந்தது என்று சொல்லிவிட்டு, களைக்கொத்துக்குக் காம்பு போடுவதைத் தொடர்ந்தார்.

ஒருமுறை கச்சிராயபாளையத்தில் இறங்க வேண்டியவள், பேருந்துக் கம்பியை விட முடியாமல் கரியாலூர் வரை மலையேறிப் போனாள். கண்டக்டர் தெரிந்த சொல்லையெல்லாம் சொல்லிப் பார்த்தார். அங்கே புளி மூட்டையோடு ஏறிய மலைக்காரி ஒருத்தி, "எவ்ளோ நேரம் தொத்திக்கினே நிப்ப, வழி வுடு" என்றதும் கை விட்டது. கூடுதல் தூரத்துக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள்.

பன்னிரண்டாவது முடித்து இரண்டு வருடம் அம்மாவோடு களை எடுத்த மகள் கலையரசிக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை வந்தது. வேன் திங்கள், புதன், வெள்ளி வரும். வெள்ளிக்குள் சேராவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். திங்களன்று வேன் படியில் தாயும் மகளும் கை பிரியாமல் நின்றார்கள். ஊர் கூடியது. பிடி, கவ்வு, இறுக்கு, பற்று என்று ஆளுக்கொரு சொல்லைக் கண்ணகியின் கைக்குச் சொன்னார்கள். ரிட்டையரான வாத்தியார் வேடியப்பன் அகராதியை எடுத்து வந்து அகரத்திலிருந்து படித்தார். "பெத்தவ கை சொம்மா வுடுமா?" என்றாள் பெரியம்மாள். "இன்னும் நாலு ஊரு போவணும்மா" என்று டிரைவர் போய்விட்டார். புதனன்றும் அப்படியே போனார்.

இருவரும் ஒரே பாயில் படுத்தார்கள். மகள் சோறு ஊட்டினாள், தாய் சாப்பிட்டாள். "எம்மா, கை மரத்துப்போச்சு" என்றாள் கலையரசி. "எனக்கு திங்கக்கெழமையே மரத்துப்போச்சு" என்றாள் கண்ணகி. யாரும் அழவில்லை.

வெள்ளியன்று வேன் வந்து நின்றதும் கண்ணகி இருவர் கையையும் மூடிக் கிடந்த முந்தானையை விலக்கித் தன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். திங்களன்று யாரோ முதலில் "பிடி" என்றபோதே அவை விரிந்துவிட்டன. பிடித்துக்கொண்டிருந்தது கலையரசியின் இடது கை. அந்தக் கைக்கு யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"அப்பவே சொல்றதுக்கு இன்னாடி?" என்றாள் பெரியம்மாள்.

"சொன்னா போயிருப்பா."

பிறகு கண்ணகி குனிந்து மகளின் விரல்களிடம், "சொரக்கொடி கணக்கா பத்திக்கினு கீற" என்றாள். விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. கலையரசி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வேன் போனது.

ஓசூரில் அவள் இடது கை வாளியிலோ தட்டிலோ ஒட்டிக்கொண்டால் யாராவது நைனார்பாளையத்துக்குப் போன் போடுவார்கள், கண்ணகி சொல்லைச் சொல்வாள், கை விடும். சூப்பர்வைசரே அந்த நம்பரை வைத்திருக்கிறார். பங்குனியில் ஒரு ஞாயிறு மதியம் கலையரசியே கூப்பிட்டாள்.

"இப்ப இன்னாத்த புடிச்சிக்கினு கீற?"

"போனத்தாம்மா."

கண்ணகி போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். சொல் தெரியாதா என்று பக்கத்திலிருந்த பெரியம்மாள் கேட்டதற்கு, தெரியும் என்றாள். அந்தச் சொல்லை அவள் சொல்லவில்லை, மகளும் கேட்கவில்லை. இப்போது ஐப்பசி. லைன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. போனைக் கண்ணகி இடுப்பில் செருகிக்கொண்டு நடவுக்கு வருகிறாள். ஓசூரில் மதியச் சாப்பாட்டு மணி அடிப்பது கழனி முழுக்கக் கேட்கிறது. அதைக் கேட்டுத்தான் பெண்கள் கரையேறுகிறார்கள்.