இரண்டு அக்குளும் பிரிந்த சட்டை

என் தம்பி பொய் சொல்கிறான் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு சட்டைதான்.

என் வீட்டுக்காரர் பெயின்டர். நாலு நாளைக்கு முன்னால் இரண்டாவது மாடி உயரச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். தம்பி போனில் சொன்னதும் நான் அலறியது மட்டும்தான் நினைவிருக்கிறது. இப்போது அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. இந்த வார்டில் எல்லாருக்குமே முதுகுதான். பக்கத்துக் கட்டில்காரர் பைக்கில் போய் லாரியில் மோதியவர். ஜன்னலோரத்தில் இருப்பவர் ஆழமில்லாத குளத்தில் தலைகீழாகக் குதித்தவர். அவருக்குக் கழுத்தில் அடி, காலோடு கையும் போய்விட்டது.

"விழுந்த உடனே காலை அசைச்சாரா?" என்று டாக்டர் கேட்டார்.

வீட்டுக்காரருக்கு எதுவும் நினைவில்லை. கூட வேலை செய்த தம்பி முந்திக்கொண்டான். "இல்ல டாக்டர். விழுந்தப்பவே கால் போச்சு."

ஒன்று கேட்டால் ஒன்பது சொல்லும் வாயாடி அவன். அன்று அதோடு நிறுத்திக்கொண்டான். எனக்குச் சுருக்கென்றது.

"எலும்பு உடைஞ்சாலும் சிலருக்குத் தண்டுவடம் தப்பிச்சிருக்கும். அவசரப்பட்டுத் தூக்கினா உடைஞ்ச எலும்பு நகந்து அதை நசுக்கிடும். அதான் கேட்டேன்," என்றார் டாக்டர்.

வீட்டுக்காரருடைய துணிகளை ஆஸ்பத்திரியில் ஒரு பையில் கொடுத்திருந்தார்கள். சட்டை நான் தைத்தது; தையல்தான் எனக்குத் தொழில். முன்பக்கம் நர்ஸ் கத்தரித்திருந்தார். அது கத்தரி வெட்டு, பார்த்தாலே தெரியும். ஆனால் இரண்டு அக்குளும் பிரிந்திருந்தன. வேலைச் சட்டை என்று இரட்டைத் தையல் போட்டிருந்தேன். ஆளை அக்குளில் பிடித்து இழுக்காமல் அது இரண்டு பக்கமும் அப்படிப் பிரியாது.

தம்பியை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஆம்புலன்ஸ்லதானே கொண்டு வந்தீங்க?"

"ஆமாக்கா. பலகையில படுக்க வெச்சு."

"பலகையில படுத்தவருக்கு அக்குள் எப்படிடா பிரியும்?"

சட்டையை அவன் மேல் வீசினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான்கா தூக்கினேன். ஆட்டோவுல உக்கார வெச்சு..."

"அப்போ கால் அசைஞ்சுதா?"

அவன் தரையைப் பார்த்தான். "மாமா காலாலேயே செருப்பைக் கழட்டினாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓங்கி அறைந்தேன். "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே!" அவன் படியிறங்கிப் போனான்.

மறுநாள் மேஸ்திரி பழப்பையோடு வந்தார். "தம்பி எங்கேம்மா?"

"அவன் பேச்சை எடுக்காதீங்க. தூக்காதேன்னு சொல்ல உங்க யாருக்கும் வாயில்லையா?"

"அவனேதான் சொன்னான். யாரும் தொடக்கூடாதுன்னு குறுக்கே நின்னான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு உங்களுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கர்ல நாங்க எல்லாரும் கேட்டோமேம்மா."

"என்ன கேட்டீங்க?"

மேஸ்திரி பழப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"'என்னடா வேடிக்கை பாக்கறீங்க, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள செத்துடுவாரு, தூக்குங்கடா'ன்னு கத்துனீங்க. மூணு தடவை."

அவர் போன பிறகு தம்பிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அக்கா, மாமாவுக்குக் கால் கொஞ்சமாவது அசையுதா?" என்று கேட்டான்.