பின்னறை விண்கலம்

எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு விண்கலம் நிற்கிறது. பசுவந்தனையிலிருந்து என் கொழுந்தனார் கொண்டுவந்து இறக்கும் உளுந்து மூட்டைகளுக்கான இடம் அது. இப்போது மூட்டைகள் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. தினமும் கால் விரலை இடித்துக்கொள்கிறேன்.

விண்கலம் என்றால் நிஜக் கலம் இல்லை. கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு விளையாட்டு. பூமியிலிருந்து கிளம்பி, மேலே சுற்றிக்கொண்டிருக்கும் விண்வெளி நிலையத்தோடு கலத்தைக் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். மேஜையில் உட்கார்ந்து விளையாடினால் போதாதா? என் வீட்டுக்காரர் பூவனலிங்கத்துக்குப் போதவில்லை. பழைய தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக அறுத்துக் கூரையாக்கினார். பழைய இரும்புக் கடையிலிருந்து இரண்டு வேன் சீட்டுகளைக் கொண்டுவந்து அருகருகே மாட்டினார். பிளைவுட் பலகை நிறைய ஓட்டை போட்டு ஸ்விட்சுகளைப் பதித்தார். மே மாதத்தில் அந்தத் தொட்டிக்குள் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நிஜமாகவே விண்வெளிக்குப் போகிறவர்களுக்குக்கூட இவ்வளவு வேர்க்காது.

அவர் இருபத்தாறு வருஷம் ரயில் ஓட்டியவர். சர்க்கரை கண் நரம்பைத் தொட்டதும் சிவப்பும் பச்சையும் குழம்ப ஆரம்பித்தன. போன வருஷம் மெடிக்கலில் தகுதியில்லை என்று எழுதி, மணியாச்சியில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். தினமும் பாசஞ்சரில் போய்வருகிறார். எஞ்சின் பக்கம் தலையைத் திருப்பாமல் கடைசிப் பெட்டியில் போய் ஏறுகிறார். ஏழு மாதம் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

"செய்யுததுதான் செய்யுதீங்க, ரயில் எஞ்சினையே செய்யலாம்லா?" என்று ஆரம்பத்திலேயே கேட்டேன்.

"அதுல உக்காந்தா எனக்கு அழுகை வந்துரும்ட்டி. மேல போனா தண்டவாளமும் கிடையாது, மாடும் குறுக்க வராது" என்றார்.

ஆனால் ஆகாயத்துக்குப் போயும் மனுஷன் சிக்னலை விடவில்லை. முன்பலகையில் ஒரு பல்பு வைத்தார். அந்த ஒரே பல்பில் சிவப்பும் வரும், பச்சையும் வரும். எது எரிய வேண்டும் என்பது கம்ப்யூட்டரின் இஷ்டம். சிவப்புக்கு லீவரை இழுத்து நிறுத்த வேண்டும், பச்சைக்கு முன்னுக்குத் தள்ள வேண்டும்; தப்பாகச் செய்தாலும் அது காட்டிக்கொடுக்காது. ரயிலில் டிரைவர் சிக்னலைப் பார்த்து நிறத்தைச் சத்தமாகச் சொல்வார். பக்கத்தில் இருக்கும் உதவி டிரைவர் தானும் பார்த்து, தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். இங்கே அந்த உதவி டிரைவர் நான்தான்.

நான் சத்துணவு அமைப்பாளர். நூற்று முப்பது பிள்ளைகளுக்குச் சோறு பொங்கும் வெக்கையில் நின்றுவிட்டு வந்து, வீட்டிலும் அடுப்பு மூட்டி, அவர் வந்ததும் தொட்டிக்குள் ஏற வேண்டும். "அண்ணாச்சி உங்கள நெலாவுல எறக்கி விட்டுட்டாவளாக்கா?" என்று சமையல் செய்யும் அமுதவள்ளி கேலி பண்ணுவாள். இறக்கி விட்டால்கூடத் தேவலை, அங்கே போயாவது படுத்துத் தூங்குவேன்.

முதல் நாள் பல்பு எரிந்ததும் உற்றுப் பார்த்தார். கையை உயர்த்தி, "பச்சை!" என்றார். நான் பார்த்தேன். பழுத்த மிளகாய் மாதிரி சிவப்பு. சொல்லலாம் என்று திரும்பினால், மனுஷன் சிரித்துக்கொண்டிருக்கிறார். பல்லெல்லாம் தெரிகிறது.

"பச்சை" என்றேன் நானும்.

அன்று சொன்ன பொய்யை மறுநாள் மாற்ற முடியவில்லை. அவர் சொல்வதில் பாதி சரியாக இருக்கும், பாதி தப்பாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். போகப்போக நான் பல்பைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அசதியில் கண்ணை மூடிக்கொண்டு அவர் வாயிலிருந்து வந்ததைத் திருப்பிச் சொல்வேன். அவர் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்தார். நானூற்றுப் பன்னிரண்டு சிக்னல், ஒன்றுகூடத் தப்பில்லை. கண் தேறிவிட்டது என்ற நம்பிக்கையில் மறு பரிசோதனைக்கு எழுதிப் போட்டார். எனக்கு அது தெரியாது. செவ்வாய்க்கிழமை மதுரைக்கு வரச்சொல்லி லெட்டர் வந்த பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டே என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்: "ஏட்டி வெயிலு, நீயும் மதுரைக்கு வா. டாக்டர்ட்ட நோட்டக் காட்டுவேன். எம் பொண்டாட்டிதான் சாட்சின்னு சொல்லுவேன்."

தேறாவிட்டால் டாக்டர் முன்னால் அந்த நோட்டோடு தலைகுனிந்து நிற்பார். குருட்டாம்போக்கில் தேறிவிட்டால் அது அதைவிட மோசம். மறுபடி எஞ்சினில் ஏறுவார், பின்னால் ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டு வருவார்கள். என் ஒரு வார்த்தையை நம்பி.

"வாட்டி, ஒரு ரவுண்டு போவோம்" என்று உள்ளே ஏறினார். நானும் ஏறினேன். சீட்டு அடுப்புமேல் வைத்த கல்லாகச் சுட்டது. திரையில் நிலையம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வந்தது. பல்பு எரிந்தது.

"பச்சை!"

கண்ணைத் திறந்து பார்த்தேன்.

"சிவப்பு" என்றேன்.

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்கேன். சிவப்புதான்."

பல்புக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். இந்தக் கோணத்திலும் அந்தக் கோணத்திலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முந்தி சொன்னதெல்லாம்?"

"பாதிக்குப் பாதி தப்பு. மொத நாளே தப்பு."

"ஏன்ட்டி சொல்லல?"

"நீங்க சிரிச்சீங்க. ஏழு மாசத்துக்குப் பொறவு சிரிச்சீங்க. அத எப்படி நான் கெடுப்பேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் திட்டியிருந்தால், நோட்டைத் தூக்கி என்மேல் எறிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். வேர்வை கன்னத்தில் வழிந்தது, துடைக்கவில்லை.

"ரெண்டு பேரு சொல்லும் ஒத்துவரலேன்னா வண்டிய நிப்பாட்டணும்" என்றார் கடைசியில். லீவரை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். திரையில் நிலையம் அசையாமல் நின்றது.

"நாளைக்கே ஆபீஸ்ல எழுதிக் குடுத்துருதேன், மதுரைக்குப் போகலேன்னு. ஆளுக எத்தன பேரு ஏறுத வண்டி" என்றார்.

இறங்குவார் என்று நினைத்து நகர்ந்து வழி விட்டேன். அவர் இறங்கவில்லை.

"நீ சொல்லு. உனக்கு என்ன தெரியுதோ அதச் சொல்லு."

பல்பு ரொம்ப நேரம் சிவப்பிலேயே நின்றது. நான் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மாறியது.

"பச்சை" என்றேன்.

அவர் பல்பைப் பார்க்கவில்லை. லீவரை முன்னுக்குத் தள்ளினார்.