முன் சீட்டுக் கால்கள்

அவளுக்குக் கண் தெரியாது. அக்கம்பக்கத்தார் அதைத்தான் அவளுடைய பெரிய கஷ்டம் என்று நினைத்து உச்சுக்கொட்டினார்கள். அவளைக் கேட்டால், அதைவிடப் பெரிய கஷ்டம் டிரெய்னர் என்பாள். சைக்கிளின் பின்சக்கரத்தை ஓர் இரும்புத் தாங்கியில் கவ்வவிட்டு, உருளை மேல் சுற்றவிட்டு, இருந்த இடத்திலேயே மிதித்துக்கொண்டிருக்கும் சமாச்சாரம். ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை முடிந்து வந்ததும், வாரத்தில் நான்கு நாள், அக்கா வீட்டில் தன் அறையில் சுவருக்கு எதிரே இரண்டு மணி நேரம். எதிரே சுவர் இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்ட புத்திசாலிகளும் உண்டு. விட்ட மூச்சு திரும்பி முகத்திலேயே அடிக்குமே, அதில் தெரியாதா?

இந்த அவஸ்தை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்காக. அன்றைக்கு இரட்டை சைக்கிள். முன் சீட்டில் அக்காவின் கணவர், பின் சீட்டில் இவள். அத்தானுக்குப் பள்ளிக்கூட பஸ் டிரைவர் வேலை. வாரம் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு, கிடைக்கிற ஒரு நாளிலும் மச்சினியை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை ரோட்டில் நூறு கிலோமீட்டர் போய்வருகிற மனுஷன் எத்தனை பேருக்கு வாய்ப்பான்?

இரண்டு பேர் பெடலும் ஒரே செயினில் இணைந்தது. அவர் மிதித்தால் இவள் காலும் சுற்றும், அவர் நிறுத்தினால் இவளும் நிறுத்த வேண்டும். அதனால் முன்னால் இருப்பவர் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். "பள்ளம்" என்பார். "வளைவு" என்பார். மிதிப்பதை நிறுத்துமுன் "விடறேன்" என்பார். நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் சொல்லாமல் விட்டதில்லை.

எதற்கெடுத்தாலும் எண்ணுகிறவள் என்பதால் அவளுக்கு அவர் வைத்த பெயர் கணக்குப்பிள்ளை. படி, கம்பம், மூச்சு, எதையும் விடமாட்டாள்.

"கணக்குப்பிள்ளை, வீட்ல ரெண்டு மணி நேரம் மிதிச்சா ரோட்ல மூணு மணி நேரம் மிதிச்ச மாதிரி. இறக்கம் கிடையாது, சிக்னல் கிடையாது, காலுக்கு ஓய்வே கிடையாது" என்பார் அத்தான்.

"காத்தும் கிடையாது. அந்தக் கொடுமையை யாரு மிதிப்பா?" என்பாள் இவள். மிதிக்கவும் செய்வாள். இன்னும் ஐந்து வாரத்தில் இருநூறு கிலோமீட்டர் சவாரி. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இரண்டு பேர் பெயரையும் பதிவு செய்தாகிவிட்டது. அந்த ஒரு நாளுக்காக அவள் எத்தனை சுவரை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வாள்.

அது முதலில் நடந்தது ஏரிக்கரையில், நாற்பதாவது கிலோமீட்டரில். அத்தான் பஸ் கதை சொல்லிக்கொண்டு வந்தார். "அந்தம்மா ரோட்டுக்கு நடுவுல வந்து நின்னு கை காட்டுது, நான் உடனே..." என்றவர் நிறுத்தினார். அவர் கால்களும் நின்றன. "விடறேன்" என்று சொல்லவில்லை. பெடலில் அவர் கால் இருந்தது, பலம் இல்லை. இரண்டு மூட்டைகளைச் சேர்த்துச் சுற்றுவதுபோல் இவள்தான் சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"அத்தான்?"

"...பிரேக்கைப் போட்டேன்" என்று முடித்தார், நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல். கால்களும் திரும்பி வந்தன.

கியர் மாற்றியிருப்பார் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அடுத்த ஞாயிறு அதே மாதிரி இரண்டு தடவை. இரண்டாவது தடவை டயரின் சத்தம் மாறியது. தார் போய்விட்டது, சரளை நொறுங்கியது, இடதுகைப் பக்கம் ஏரியின் ஈரக்காற்று சட்டென்று கிட்டே வந்தது. அவள் கையில் பிரேக்கும் இல்லை, திருப்புகிற கைப்பிடியும் இல்லை. ஆறு எண்ணினாள். ஏழில் சைக்கிள் உதறிக்கொண்டு ரோட்டில் ஏறியது. "சே, பள்ளத்தைக் கவனிக்கல" என்றார் அத்தான்.

மறுநாள் வேலை நேரத்தில், குரலால் மட்டும் பழக்கமான நரம்பு வார்டு நர்ஸிடம், யாரோ ஒருவருக்காகக் கேட்பதுபோல் கேட்டாள். நர்ஸ் சுற்றிவளைக்கவில்லை. "சில பேருக்கு வலிப்பு அப்படி வரும். சில நொடி நினைவு தப்பிடும். வந்துட்டுப் போனது அவங்களுக்கே தெரியாது. டாக்டர் பார்க்காம எந்த வண்டியும் ஓட்டக் கூடாது."

எந்த வண்டியும். அத்தானின் பஸ்ஸில் நாற்பது பிள்ளைகள். அவர்கள் சீட்டுக்குக் கீழே பெடல் கிடையாது.

ஆனாலும் மனசு கெட்டிக்காரத்தனம் பண்ணியது. ரோட்டில் சாக்குக்கா பஞ்சம்? காற்று, குழி, கியர், எதிரே வந்த லாரி, எதன் மேல் வேண்டுமானாலும் பழியைப் போடலாம். இவையெல்லாம் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

"இந்த ஞாயித்துக்கிழமை இரட்டை சைக்கிளை டிரெய்னர்ல மாட்டுங்களேன். ரெண்டு பேரும் மூணு மணி நேரம் மிதிக்கலாம்" என்றாள்.

"நீயே டிரெய்னர் கேக்குறியா? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று சிரித்தார். ஆனால் மாட்டினார். முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்தார், திருகை இறுக்கினார், எப்போதும்போல் மூன்று தடவை உலுக்கிப் பார்த்தார். அவர் மாட்டிய எதுவும் ஆடாது.

மிதித்தார்கள். காற்றில்லை, குழியில்லை, கியரையும் மாற்றவில்லை. பதினெட்டாவது நிமிஷம் அவர் கால்கள் போயின. ஐந்து எண்ணுவதற்குள் வந்தன. அதன்பிறகு மறுபடி. ஒவ்வொரு தடவையும் இவள் இரண்டு பேருக்குமாக மிதித்து, அவர் வருகிறவரை காத்திருந்தாள். அவர் ஒன்றும் தெரியாமல், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சவாரிக்கு எத்தனை தண்ணீர் பாட்டில் வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரத்தில் பதினொன்று. நீளமானது ஒன்பது எண்ணிக்கை.

இறங்கியதும் சொல்லிவிட்டாள். சத்தம் கேட்டு அக்கா வாசற்படியில் வந்து நின்றாள்.

"ரெண்டு தடவை ஸ்டாப்பிங்கைத் தாண்டிப் போயிட்டேன். பிள்ளைங்க கத்தின பிறகுதான் தெரிஞ்சுது. தூக்கக் கலக்கம்னு நினைச்சேன்" என்றார் அத்தான்.

"நாளைக்கு நீங்களே ஆபீஸ்ல சொல்லிடுங்க அத்தான்."

"லீவு விட மூணு வாரம்தான் இருக்கு. அப்புறம் டாக்டரைப் பார்க்கறேன். உன் சவாரியும் முடிஞ்சுடும்."

அவர் அவளுடைய சவாரியைச் சொன்னது அவளைச் சுட்டது. ஏனென்றால் அந்த நினைப்பு அவளுக்கும் வந்திருந்தது. வாயைத் திறந்தால் ஏரிக்கரை போயிற்று. முன் சீட்டில் உட்கார அவளுக்கு வேறு யாரும் இல்லை.

"மூணு வாரம்னா பதினஞ்சு நாள் பஸ் ஓடும். காலையிலயும் சாயங்காலமும்" என்றாள்.

அக்கா பொரிந்து தள்ளினாள். "உனக்காக நாயா அலையற மனுஷன்டி. அவர் வேலைக்கே உலை வைக்கறியா? கண்ணு தெரியாத நீ சொல்றதை யாரு நம்புவா?"

சொல்லிவிட்டு அக்கா விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். கூடப் பிறந்த முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அத்தான் செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது. இவள் எழுந்து வந்தாள்.

"சொல்லிடுவீங்கல்ல?"

"லீவு விடட்டும்மா" என்றார். கேட்டைச் சாத்திக்கொண்டு போனார்.

பஸ் நிற்கும் இடத்துக்கு இருபது நிமிஷ நடை. அவள் போனை எடுத்தாள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களுக்காக நம்பர் போட்டுக்கொடுத்த விரல்கள், இந்த நம்பரில் இரண்டு தடவை தப்பாக அழுத்தின. பள்ளிக்கூடத்தில் பஸ்களைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் எடுத்தார். தான் யார் என்பதைச் சொன்னாள், விஷயத்தையும் சொன்னாள்.

"நீங்க கண்ணால பார்த்தீங்களாம்மா?"

"பார்க்கலை சார். எனக்குப் பார்வை கிடையாது. அவர் பின்னாடி உட்கார்ந்து மிதிக்கறவ நான். அவர் கால் நிக்கும்போது எனக்குத் தெரியும். நேத்து மூணு மணி நேரத்துல பதினோரு தடவை நின்னுச்சு."

மேலாளர் யாரையோ கூப்பிட்டு, அத்தான் ஓட்டும் ஏழாம் நம்பர் பஸ் சாவியை யாரிடமும் கொடுக்காமல் எடுத்து வைக்கச் சொன்னார்.

ஏழரைக்கு அத்தான் நடந்தே திரும்பி வந்தார். அந்த வாரமே தலையில் ஒயர் ஒட்டிப் பரிசோதனை செய்தார்கள். நர்ஸ் சொன்னதைத்தான் டாக்டரும் சொன்னார். மாத்திரை கொடுத்தார்கள், லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். அவள் சொன்னது சரிதான் என்று ஆனபிறகும் அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை மேசையில் வைக்கிற சத்தத்தில்தான் சாப்பாடு வந்தது தெரியும். அத்தான் கூடத்து நாற்காலியிலேயே கிடந்தார். காலையில் தெருமுனையில் பஸ் நிற்கும்போது மட்டும் நாற்காலி கிரீச்சிடும். புது டிரைவர் பிரேக்கை வெடுக்கென்று போடுகிறவர். அத்தான் போட்டால் பஸ் நின்றதே தெரியாது.

சவாரி நடக்கவேண்டிய ஞாயிறு வந்தது. விடிந்ததும் அவள் அறைக் கதவு திறந்தது. நடையை வைத்து அத்தான் என்று தெரிந்துகொண்டாள். கட்டில் ஓரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். எண்ணிப் பார்த்த அந்த நாளிலிருந்து டிரெய்னரிலேயே கிடந்த இரட்டை சைக்கிளின் திருகைத் தளர்த்தினார். அதை உருட்டிக்கொண்டு வெளியே போனார். இன்றைக்கு அதை யாருக்கோ கொடுத்துவிடுவார் என்று நினைத்தாள்.

அவர் திரும்பி வந்தபோது ஒற்றை சைக்கிளின் செயின் கிடுகிடுத்தது. அதைத் தாங்கியில் ஏற்றினார். திருகை இறுக்கினார். மூன்று தடவை உலுக்கிப் பார்த்தார். துண்டைக் கைப்பிடியில் போட்டார், ஃபேனைப் போட்டார்.

"அத்தான்" என்றாள்.

"நல்லா இறுக்கியிருக்கேன். ஆடாது" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். கணக்குப்பிள்ளை என்று கூப்பிடவில்லை.

அவள் ஏறி உட்கார்ந்தாள். விட்ட மூச்சு சுவரில் பட்டு முகத்துக்குத் திரும்பியது. மிதிக்க ஆரம்பித்தாள். பெடலில் அவள் கால்கள் மட்டும்தான் இருந்தன.