கட்டிலோரத்து நாற்காலி

1

இந்தக் கதையை நானாக எழுத நினைத்ததில்லை. கேட்டு வாங்குகிறார்கள். கேட்டவர் எங்கள் சபையின் ஊழியங்களை எல்லாம் ஒருங்கிணைக்கும் அம்மாள். அடையாள அட்டை இல்லாத அவர் கழுத்தை யாரும் பார்த்ததில்லை என்பதால், நான் வேலை பார்க்கும் வாடகைச் சாமான் கடையில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கழுத்தட்டை. (இதை இதழில் போட மாட்டார்கள். நானும் கோடு போட்டு அடிக்க மாட்டேன்.)

"அண்ணா, நம்ம எழுத்து வகுப்புல படிச்சவர் நீங்க. பராமரிப்போர் முகாம் பத்தி மாத இதழுக்கு ஒரு சாட்சி எழுதிக் குடுங்க. ஒரே பக்கம். முடிவு மட்டும் சந்தோஷமா இருக்கட்டும்."

தலை நரைத்தபின் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது இந்தச் சபைதான். நன்றி உண்டு. ஆனால் எழுதக் கற்றவன் என்னத்தை எழுதுவான் என்று வகுப்பு நடத்தியவர்கள் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கிருபையினாலே நமது சபையில் அநேக ஊழியங்கள் செழித்தோங்கி

வேண்டாம். இது அறிவிப்புப் பலகையின் குரல்.

இரண்டாம் முயற்சி: நான் நாற்காலி சுமக்கிறவன். சபையில் எது நடந்தாலும் நாற்காலி எங்கள் கடையுடையது. அதனால் ஊழியங்கள் அத்தனையும் எனக்கு முதுகுவழியாகத் தெரியும். புதுத் தம்பதியருக்குக் கருத்தரங்கு. பழைய தம்பதியருக்குப் புத்துணர்வு முகாம். ஆண்களுக்குக் காலை உணவு ஐக்கியம். அதில் உண்டு களைத்தவர்களுக்குத் தியான நாள். தலைவர்களுக்குத் தாழ்மைப் பயிற்சி. தாழ்மைப் பயிற்சிக்கு மட்டும் மெத்தை வைத்த நாற்காலி கேட்டார்கள். (நான் இட்டுக்கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் மெத்தை நாற்காலியைத் தூக்கிப் பார்க்கவும்.) எல்லாவற்றுக்கும் ஒரு வழிகாட்டிப் புத்தகம், ஒரு காணொளி, ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு பேனா. இதை எழுதுவதும் அப்படி வந்த பேனாதான்.

இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.

3

என் மனைவிக்குப் பக்கவாதம். கட்டிலோடு கிடக்கிறாள். அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். நான் வேலைக்குப் போக வேண்டியிருப்பதால், தையல் வேலையை விட்டுவிட்டு மகள்தான் பார்த்துக்கொள்கிறாள், பகலும் இரவும்.

சபையிலிருந்து அழைப்பிதழ் வந்தது: 'நோயாளிகளைப் பராமரிப்போருக்கு ஒருநாள் இளைப்பாறுதல்.' மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, அங்க தூங்க விடுவாங்களா?"

"பாட்டு இருக்கும்மா. விளையாட்டு இருக்குதாம்."

"அதெல்லாம் அவங்களே விளையாடட்டும். ஒரு மூலையில தூங்க விட்டாப் போதும்."

[இந்த இடத்தில் எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. தூக்கம் மட்டும் கேட்கிற பெண், இரக்கத்துக்காகச் செய்த பொம்மைபோல் தெரியலாம். அழவைத்துப் பார்க்கலாமா என்று

இல்லை. அவள் அழுவதில்லை. சிடுசிடுப்பாள். போன வாரம் டம்ளரை வீசினாள். அப்படியே விடுகிறேன்.]

கழுத்தட்டையிடம் போனேன்.

"அம்மா, முகாமுக்கு என் மக வரணும். அன்னைக்கு என் வீட்டுக்காரி பக்கத்துல யாராவது ஒருத்தர் உக்காந்தாப் போதும். நாற்காலிகூட நானே போட்டு வச்சுடறேன்."

"ஐயோ அண்ணா, அன்னைக்கு நம்ம தொண்டர்கள் எல்லாருமே முகாம்ல சேவை செய்யறாங்களே! நீங்க வீட்ல இருந்துக்கக் கூடாதா?"

"நான் வீட்ல இருந்தா உங்க முகாமுக்கு நாற்காலி யாரு கொண்டாருவா?"

நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார். பிறகு, "ஜெபிப்போம் அண்ணா" என்று சொல்லி ஒரு துணிப்பை கொடுத்தார். உள்ளே 'வீட்டிலிருந்தே இளைப்பாறுவது எப்படி' என்று ஒரு புத்தகம். பேனா.

மனைவிக்கு வாய் ஒரு பக்கம் கோணல். கேலிக்கு மறுபக்கமே போதும் அவளுக்கு.

"அந்தப் புத்தகம் என்னைப் புரட்டிப் போடுமான்னு கேட்டுட்டு வந்தீங்களா?"

4

முகாம் நாள். விடியும்போதே வண்டியேற்றி, கூடம் நிறைய வரிசையாக நாற்காலி போட்டேன். பச்சைச் சட்டைத் தொண்டர்கள் ஏகப்பட்ட பேர்: வரவேற்க, வழிகாட்ட, தண்ணீர் நீட்ட, தோளைத் தட்டிக்கொடுக்க. தட்டிக்கொடுக்கத் தோள்தான் இல்லை. பராமரிக்கிறவர்கள் அவரவர் வீட்டில் பராமரித்துக்கொண்டிருந்தார்கள். இது யார் தலையிலும் உதிக்கவில்லை. வாகன நெரிசலாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

புகைப்படக்காரர் வந்துவிட்டார். தொண்டர்களே பச்சைச் சட்டைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்படியும் முன்வரிசையில் ஓட்டை.

"அண்ணா, நீங்களும் உக்காருங்க. நீங்களும் பராமரிக்கறவர்தானே?" என்றார் கழுத்தட்டை. "கண்ண மூடிக்குங்க, இளைப்பாறுற மாதிரி."

நான் சுமந்துவந்த நாற்காலியில் நானே உட்கார்ந்து கண்ணை மூடினேன். இந்த இதழில் அந்தப் படம் இருக்கும். முன்வரிசையில் வேலைச் சட்டையோடு இளைப்பாறுபவன் நான்.

பொழுது சாய வீடு திரும்பினேன். மகள் தரையில் உட்கார்ந்தபடியே கட்டில் விளிம்பில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். புரட்டும்போதே கண் அசந்திருக்க வேண்டும்; ஒரு கை அம்மாவின் முதுகுக்கடியில் மாட்டியிருந்தது. அந்தக் கையை எழுப்பிவிடக் கூடாதென்று மனைவி மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். என்னைப் பார்த்ததும் கிசுகிசுத்தாள்:

"சத்தம் போடாதீங்க. முகாம் நடக்குது."

5

முடிவு, கேட்டபடி: "என் மகள் இளைப்பாறுதல் பெற்றாள், தோத்திரம்." அடித்துவிட்டேன்.

முடிவு, இனிப்பாக: கழுத்தட்டை இதைப் படித்து மனம் உடைந்து, அட்டையைக் கழற்றிவிட்டு, எங்கள் வீட்டு வாசலில் வந்து

எழுதுகிற எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு, காரமாக: இனி சபைக்கு நாற்காலி தூக்க மாட்டேன் என்கிறேன். முதலாளி வேறு ஆளை அனுப்புகிறார். அவ்வளவுதான் அந்தக் காரம்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இதைப் படிக்கிற பச்சைச் சட்டைக்காரரே, உங்களிடம் இருக்கிறது. வரும் சனிக்கிழமை தொண்டர்களைப் பாராட்டும் விழாவாம். நாற்காலி போட நான் போயாக வேண்டும். போகுமுன் கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒன்று போட்டுவைப்பேன். மெத்தை கிடையாது. கதவு சும்மா சாத்தியிருக்கும். விலாசம் சபை அலுவலகத்தில் கேளுங்கள்; அழைப்பிதழ்கள் தவறாமல் வந்துசேரும் விலாசம்தான். துணிப்பை வேண்டாம். ஜெபிப்பதானால் வாய்க்குள் ஜெபியுங்கள், அடுத்த அறையில் ஒருத்தி தூங்க வேண்டும். கட்டிலில் இருப்பவளைப் புரட்டும்போது இடது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், வலிக்கும். தோளுக்கடியில் கைகொடுங்கள். கேலி செய்வாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் நான் வந்து பார்க்கும்போது அந்த நாற்காலியில்