ஆட்டைத்திவசச் சோறு

வீடில்லாத பெண்களுக்கென்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தங்குமிடம் இருப்பதைத் தனஞ்சயனுக்குச் சொன்னவள் அவன் மனைவி மயூரிதான். அவன் அம்மா செத்து ஒரு வருஷம் திரும்பியிருந்தது; அந்த ஆட்டைத்திவசக் காரியங்களை ஐயர் காலையிலேயே வெள்ளவத்தை வீட்டில் முடித்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டை அந்தப் பெண்களுக்குக் கொடுத்தால் புண்ணியம், நாலு படம் எடுத்துக் கனடாவிலுள்ள சொந்தக்காரருக்கும் அனுப்பலாம் என்பது அவள் எண்ணம். இந்தக் காலத்தில் புண்ணியத்துக்கும் சாட்சி வேண்டியிருக்கிறது.

காலையில் வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்.

"அருந்ததி அக்கா வரேல்லையோ?"

"அவ கொட்டாஞ்சேனையிலை சித்தியின்ர மகளோடை இருக்கிறா. முழங்கால் ஏலாது" என்று ஒவ்வொருவருக்கும் முகம் கோணாமல் தனஞ்சயன் சொன்னான்.

பச்சைப் பொய். சித்தியின் மகள் வாடகை வீட்டை விட்டுவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. அதை அக்காவே போன் எடுத்துச் சொன்னாள். "தம்பி, நான் உங்களோடை வந்து இருக்கட்டோ?" என்று கேட்டாள். "பாத்துச் சொல்லுறன் அக்கா" என்றான். பிறகு அவள் எடுத்த போதெல்லாம் போனை அடிக்கவிட்டான். கலியாணமும் கட்டாமல், படுக்கையில் கிடந்த அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் அவள். அம்மா கண்ணை மூடிய கையோடு, அவர்கள் இருவரும் இருந்த ஃபிளாட்டை விற்றவன் இவன். ஒருநாள் அந்தப் போனும் நின்றுபோனது. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால்தான் இப்போதும் அவனுக்கு நெஞ்சு எரியும்.

தங்குமிடத்துக்குப் பொறுப்பான பஹ்மியா வாசலுக்கே வந்து வரவேற்றாள்.

"இது கொஞ்ச நாளைக்குத் தங்குற எடம் மட்டும்தான் சேர். சொந்தக்காரங்க இருந்தா தேடிப் பேசி, அவங்களோட அனுப்பிடுவோம். யாருமே இல்லாதவங்கள தூரத்தில இருக்கிற முதியோர் இல்லத்துக்கு அனுப்பணும். ஒருத்தங்க திங்கக்கிழம போறாங்க, பாவம். மொதல்ல தம்பி ஒருத்தர் இருக்கார் என்டாங்க. நம்பர் கேட்டா, யாரும் இல்ல என்டுறாங்க."

பேர் என்னவென்று கேட்கத் தனஞ்சயனுக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கொழும்பில் தம்பிமாருக்கா பஞ்சம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு, சோற்று வாளியைத் தூக்கினான். மயூரி போனைப் பிடித்தபடி பின்னால் வந்தாள்.

பஹ்மியா அவனை நேரே ஜன்னலோர மேசைக்குக் கூட்டிப்போனாள்.

"மொதல் சோறு இவங்களுக்குப் போடுங்க சேர். காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல்ல. இன்டைக்கு இவங்கட அம்மாட திவசமாம்."

யாரோ கொடுத்த தொளதொளத்த சட்டை. நெற்றியில் திருநீறு. மெலிந்து பாதியாகியிருந்தாள் அருந்ததி அக்கா.

அவன் போட்ட சோறு பாதி மேசையில் விழுந்தது. அக்கா திடுக்கிடவில்லை. அவன் காரிலிருந்து இறங்கும்போதே ஜன்னலால் பார்த்திருப்பாள்.

"போதும் தம்பி" என்றாள்.

சாப்பாடு கொண்டுவரும் ஆண்கள் எல்லாரும் அங்கே தம்பிதான். பஹ்மியாவுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மயூரிக்குத் தெரிந்தது. அவள் போனைக் கீழே இறக்கினாள்.

பேசாமல் அடுத்த தட்டுக்குப் போயிருக்கலாம். அக்காவே அதற்கு வழிவிட்டிருந்தாள். செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பான். இதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"மிஸ், இவ என்ர அக்கா" என்றான். "என்ர சொந்த அக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்!" பஹ்மியாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப திங்கக்கிழம அனுப்பத் தேவல்ல. சேர் இன்டைக்கே கூட்டிட்டுப் போவீங்கதானே?"

ஓம் என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? தனஞ்சயன் திரும்பி மயூரியைப் பார்த்தான். அவள் மாட்டேன் என்று தலையாட்டவில்லை. நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். மகன் படிக்கிற அறை, அடுத்த மாதம் வந்து நிற்கப்போகிற மாமா மாமி, எல்லாம் அவன் கண்ணுக்கு முன்னால் வந்துபோயின. அவன் மறுபடி திரும்பியபோது அக்கா அவனைப் பார்த்து முடித்திருந்தாள்.

"வேண்டாம் மிஸ்" என்றாள். "நான் திங்கக்கிழமை போறன்."

"அக்கா, நான் ஓமெண்டு சொல்லத்தான் வாயெடுத்தனான்."

"தெரியும்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ நல்லது. "அம்மாக்குப் படைச்ச சோறெல்லே, ஆறவிடாதை. மற்ற ஆக்களுக்கும் போடு."

அவள் குனிந்து பருப்பை ஊற்றிச் சோற்றைப் பிசையத் தொடங்கினாள். தனஞ்சயன் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போனான்.